பதினான்காவது ஆள்

டிக்கெட் என்னுடையதல்ல.
எட்டாம் தளத்து வெர்ஹூவன் ஐயாவுக்கு
மொரிஷியஸ் தாண்டியதிலிருந்து வாந்தி.
இஸ்திரி போட்ட சட்டைகளைக் கொடுக்கப் போனபோது
வீணாகவேண்டாம், நீ போ என்று
படுத்தபடியே நீட்டினார்.
சென்-தெனி நகரம், நடந்து பார்த்தல், ஒன்றரை மணி நேரம்.
தண்ணீர் பாட்டில் ஒன்று சேர்த்தி.

நீர்மட்டத்துக்குக் கீழே
ஜன்னலில்லாத சலவை அறையில் ஏழு மாதம்.
கரை என்று யாராவது சொன்னால்
எனக்கு வல்லின ற தான் காதில் விழுகிறது.

பஸ் மலையை உரசிக்கொண்டு போயிற்று.
பாறை உருளாமலிருக்க
மலைக்கே வலை போர்த்தியிருந்தார்கள்.
எங்கள் தூத்துக்குடியில் வலையைக்
கடலுக்குத்தான் போடுவோம்.

பராஷ்வா. மஞ்சள் குடையை உயர்த்தியபடி
கொராலி மினாச்சி என்றாள் வழிகாட்டி.
மீனாட்சியேதான்.
ஆனால் குடும்பப் பெயராம்:
அப்பா மினாச்சி, அண்ணன் மினாச்சி,
லாரி ஓட்டும் சித்தப்பா, மீசையோடு, அவரும் மினாச்சி.
எல்லாக் கூட்டத்துக்கும் சொல்லிப் பழகிய வேடிக்கை.
பட்டியலைப் பிரித்தாள்.
"மிசியே வெர்ஹூவன்?"
கை தூக்கினேன்.
தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி தாளை.
டிக்.

பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன.
ஒன்றின் வாயில் ஐஸ்கிரீம் கப்.
எதிரி வந்தபோது வேறு பக்கமாக வந்தான் என்றாள்.
சிரிக்கவேண்டிய இடம். சிரித்தோம்.

முன்னால் நடந்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது,
முதுகுகள் தெரியும்.
நீலக் கோடு, அறை எழுநூற்றுப் பதினான்கு:
காலரில் எப்போதும் வெயில் களிம்பு.
வெள்ளை லினன், அறுநூற்று இரண்டு:
செவ்வாய்க்கிழமை இரவு சிவப்பு ஒயின்,
உப்பும் சோடாவும் வைத்து
விடிய விடிய நான் எடுத்தது.
ஒன்றுமே நடவாததுபோல்
வெயிலில் நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது.

பாரிஸ் தெருவில் பெரிய வீடுகள்.
கூரை விளிம்பெல்லாம் மரத்தில் வெட்டிய சரிகை,
மழைநீர் சொட்டுவதற்கும் ஓர் அழகு வேண்டுமென்று.
கவர்னர்கள், காப்பி, கரும்பு,
யாருக்கு யார் மருமகன்
என்று அவள் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே போனாள்.
நான் சந்துக்குள் பார்த்தேன்.
மாடிக் கம்பியில் ஒரு படுக்கை விரிப்பு,
ஒற்றைக் கிளிப்.
இந்தக் காற்றுக்கு ஒற்றைக் கிளிப் போடுவார்களா?

போடக்கூடாது.
அது கழன்று, வயிறு உப்பி,
எழுநூற்றுப் பதினான்கின் தொப்பியைத் தடவி
மண்ணுக்கு இறங்குமுன்
பிடித்துவிட்டேன்.
கை தானாக ஓடியது:
மூலைக்கு மூலை, ஒரு உதறல்,
இரண்டாக, நாலாக, எட்டாக,
உள்ளங்கையால் ஒரு நீவல்.
ஐந்து விநாடி இருக்கும்.
நிமிர்ந்தபோது
பதின்மூன்று பேரும் வீட்டை விட்டுவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
லினன் சட்டைக்காரர்
எங்கோ பார்த்த முகத்தைத் தேடுவதுபோல்
தன் மார்பைக் குனிந்து பார்த்தார்.

மினாச்சி குடையைத் தாழ்த்தினாள்.
"ஹாலந்தில்," என்றாள் எல்லோருக்கும் கேட்க,
"ஆண்கள் அழகாக மடிக்கிறார்கள்."
பிறகு 1846 என்று தொடங்கி
விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

வீட்டுக் கதவருகே விரிப்பை வைத்துவிட்டுக்
கூட்டத்தைப் பிடிக்க ஓடினேன்.
கையில் வெயில் மணத்தது.
டிரையருக்குள் எத்தனை மூடி ஊற்றினாலும்
வராத மணம் அது.

பஸ் படியில் மெதுவாகக் கேட்டாள், நிஜப் பெயர் என்ன?
சந்தியாகு.
இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
பட்டியலில் எதையும் திருத்தவில்லை.

இரவு எட்டாம் தளம்.
ரொட்டித்துண்டு கடிக்குமளவு தேறியிருந்தார்.
ஊர் எப்படி என்றார்.
பீரங்கி ஞாபகம் வந்தது, ஆண்டு ஒன்றுகூட வரவில்லை.
நன்றாகக் காய்கிறது ஐயா
என்றேன்.